சந்திரா அக்கா விட்ட குட்டி

மேச்சேரி
2 மார்ச் 2025

அன்புள்ள செசிலியாவுக்கு,

சந்திரா எழுதுகிறேன். பிரிக்காமல் அலமாரியில் செருகிவிடாதே. நான் போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் நீ கத்துவாய், நான் அழுவேன், இரண்டு பேர் காதிலும் ஒன்றும் விழாது. "கடுதாசி போடு. கையில கெடச்சா அந்தம்மா படிக்காம இருக்காது" என்று இவர்தான் யோசனை சொன்னார். ரிட்டயர் ஆனதிலிருந்து இவருக்கு யோசனை கூடிப்போய்விட்டது.

வீடு ஒருவழியாக அமைந்துவிட்டது. ஷிப்ட் சங்கு ஊதாமலே பொழுது விடிவதுதான் இன்னும் பழகவில்லை. நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் புதிதாக வந்தவர்கள் பலாமரத்தடி வேலி இடைவெளியை அடைத்துவிட்டார்களா? இருபது வருஷமாக உன் வீட்டுக் கிண்ணமும் என் வீட்டுக் கிண்ணமும் போய்வந்த வழி அது. அடைத்திருந்தால் சொல்லாதே.

விஷயத்துக்கு வருகிறேன். கிளம்புகிற அன்று உன் வீட்டில் இலை போட்டு உட்கார வைத்தாய். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் நேர்த்திக்கடன் பேச்சை எடுத்தேன். நவம்பரில் உன் சோபியா டெங்கு காய்ச்சலில் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவள் பிழைத்து எழுந்தால் குட்டி தருவதாக எங்கள் குலசாமி கரட்டு முனியப்பனிடம் வேண்டியிருந்தேன். அதைச் சொன்னதும் உன் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. "எம் பொண்ணுக்காக ஏற்கெனவே ஒரு ஆட்டுக்குட்டி செத்தாச்சிக்கா. இன்னொண்ணு வேணாம்" என்றாய். எனக்கு முதலில் புரியவே இல்லை. யார் வீட்டு ஆடு என்று நினைத்தேன். பாக்கியசாமி அண்ணன் சுவரில் மாட்டியிருந்த சிலுவையைக் காட்டிய பிறகுதான் புரிந்தது. பாயசத்தைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன். அது தப்புத்தான்.

ஆனால் வேண்டியது வேண்டியதுதான். கொழுந்தனார் ஆட்டுப்பட்டியில் மார்கழியில் பிறந்த செம்மறிக் கிடாக்குட்டி ஒன்றைச் சோபியா பெயரில் ஒதுக்கி வைத்திருக்கிறேன். சித்திரை முதல் வெள்ளி பூசை. யாருக்காக வேண்டினோமோ அவர்கள் வந்து குட்டிக்கு மாலை போட வேண்டும். சோபியாவை அனுப்பு. நீயும் வா.

சந்திரா

நெய்வேலி, 17-ஆம் பிளாக்
11 மார்ச் 2025

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்தேன்.

சோபியா வர மாட்டாள். சித்திரை முதல் வெள்ளி என்ன நாள் என்று காலண்டரில் பார்த்தீர்களா? ஏப்ரல் பதினெட்டு. எங்களுக்குப் பெரிய வெள்ளி. வருஷத்தில் மற்ற நாளில் போனாலும் போகாவிட்டாலும் அந்த நாளில் நாங்கள் கோயிலில் இருக்க வேண்டும். இயேசு சிலுவையில் உயிர் விட்ட நாள். அன்றைக்குப் போய் என் மகள் கையால் ஒரு குட்டிக்கு மாலை போட்டு வெட்டக் கொடுப்பதா?

உங்களுக்கு இது விளங்கவில்லை என்பதால் பொறுமையாகச் சொல்கிறேன். பழைய காலத்தில் எங்கள் வேதத்திலும் ஆடு பலி கொடுத்தார்கள். அந்த ஜனங்கள் எகிப்தில் அடிமைகளாக இருந்தபோது குட்டியை வெட்டி, அதன் இரத்தத்தைக் கதவு நிலையில் பூசிய வீட்டுப் பிள்ளைகளைச் சாவு தொடாமல் தாண்டிப் போயிற்று. அதற்குப் பிறகு வருஷா வருஷம் வெட்டினார்கள். கடைசியில் இயேசு வந்தார். யோவான் என்ற இறைவாக்கினர் அவரைத் தூரத்தில் பார்த்ததுமே, இதோ கடவுளுடைய செம்மறி என்று கைநீட்டிக் காட்டினார். அவர் ஒரே ஒரு முறை செத்தார். அதோடு கணக்கு முடிந்தது. இனி எந்தக் குட்டியும் யாருக்காகவும் சாக வேண்டியதில்லை. பூசையில் நற்கருணை அப்பம் வாங்குவதற்கு முன் நாங்கள் மூன்று தடவை செம்மறியே என்று கூப்பிடுவது அதனால்தான். நீங்களும் எத்தனையோ கிறிஸ்துமஸ் பூசையில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்கள்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் பிள்ளை பெயரில் ஏன் வேண்டினீர்கள்? அதுதான் எனக்கு ஆறவில்லை.

வேலி இடைவெளி அப்படியே இருக்கிறது. புதிதாக வந்திருக்கும் உமாராணியிடம் அடைக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

செசிலியா

மேச்சேரி
19 மார்ச் 2025

அன்புள்ள செசிலியாவுக்கு,

நீ 'அன்புள்ள' என்ற சொல்லை விட்டுவிட்டாய். நான் விடவில்லை. பார்த்துக்கொள்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உன் வீட்டு மட்டன் பிரியாணி அந்த வேலி வழியாகத்தான் வரும். நானும் மிச்சம் வைக்காமல் தின்றிருக்கிறேன். அந்த ஆட்டுக்கு யார் அழுதார்கள்? உன் வயிற்றுக்கு வெட்டினால் பண்டிகை, என் சாமிக்கு வெட்டினால் பாவமா?

உங்கள் சாமி ஒரே தடவையில் முடித்துக்கொண்டார் என்றால் நல்ல மனசு. எங்கள் முனியப்பனுக்கு வருஷா வருஷம் பசிக்கிறது. நான் என்ன செய்ய?

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. உன் வீட்டுக் கூடத்துப் படத்தில் இயேசு தோளில் போட்டிருக்கும் குட்டி பஞ்சு மூட்டை மாதிரி வெள்ளையாக இருக்கும். பூசையில் செம்மறி என்கிறீர்கள். செம்மறி என்றால் சிவப்பு அல்லவா? எங்கள் ஊர்க் குட்டியைப் பார், செங்கல் நிறம். முடியும் சுருள் கிடையாது. தோளில் தூக்கினால் சட்டையை நனைத்துவிடும். சோபியா பெயரில் ஒதுக்கிய குட்டிக்கு நெற்றியில் மட்டும் விபூதி வைத்தது போல ஒரு வெள்ளை. நான் தவிட்டுத் தண்ணீர் வைத்தால்தான் குடிக்கும். முந்தானையை மெல்லும். இப்படி ஒட்டிக்கொள்ளும் என்று தெரிந்திருந்தால் தள்ளியே நின்றிருப்பேன். அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் இருக்கவே பெரும் பாடாக இருக்கிறது.

ஏன் வேண்டினேன் என்று கேட்டாய். பாக்கியசாமி அண்ணன் இரத்தம் கொடுக்க ஆள் தேடிப் போயிருந்தார். நீ எதிரில் இருந்த சிற்றாலயத்தில் முழங்கால் போட்டிருந்தாய். சோபியா கை என் கைக்குள் இருந்தது. இரத்தத்தில் தட்டணு எண்ணிக்கை இன்னும் இறங்கிவிட்டது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பிள்ளை என் மடியில் வளர்ந்தது, செசிலியா. உன்னைத் தேடி வந்து, "வேண்டிக்கட்டுமா அம்மிணி" என்று அனுமதி கேட்டுக்கொண்டா இருப்பேன்? என் வாயில் முனியப்பன் பெயர்தான் வந்தது. உன் சாமியிடம் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவரிடமும் கேட்டிருப்பேன்.

சொன்ன வாக்கை மாற்றினால் அது பிள்ளையின் மேல் திரும்பும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. இதைத்தான் அன்றைக்கு உன்னிடம் சொல்ல முடியவில்லை.

சந்திரா

நெய்வேலி
31 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதிவிட்டேன், போதுமா?

உங்கள் பிரியாணிக் கேள்வியைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். உங்கள் பாக்கியசாமி அண்ணனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. செகண்ட் ஷிப்டுக்குப் போகிற பஸ்ஸிலும் சிரித்துக்கொண்டே போயிருப்பார். யோசித்துப் பார்த்தேன். குட்டியின் மேல் எனக்குப் பரிதாபம் இல்லை அக்கா. பொறாமை. நான் முழங்கால் தேயக் கேட்டேன், என் சாமி கொடுத்தார் என்று நிம்மதியாக இருந்தேன். நடுவில் நீங்கள் வந்து, இல்லை, முனியப்பன்தான் கொடுத்தார், அவருக்குச் சேர வேண்டியதைச் சேர்க்க வேண்டும் என்றதும், என் நன்றியை யாரோ பாதி பிடுங்கிக்கொண்டது போல இருந்தது.

உங்கள் பயத்தைப் படித்த பிறகு இரண்டு நாள் வேலையே ஓடவில்லை. எங்கள் அம்மா வேளாங்கண்ணிக்கு நடப்பதாக வேண்டிக்கொண்டு, கால் வீங்கிய பிறகும் நடந்து முடித்தவர். வாக்கை மீறச் சொல்லி உங்களைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

இதற்கிடையில் ஒன்று நடந்தது. ஈஸ்டர் உயிர்ப்பு விழாவுக்கு முந்தின நாள் வழிபாட்டில் இரண்டாம் வாசகம் வாசிக்க என்னைப் போட்டிருக்கிறார்கள். ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிட மலைக்குக் கூட்டிப்போகிற பகுதி. அடுப்பு வேலையோடு சத்தமாக வாசித்துப் பழகிக்கொண்டிருந்தேன். விறகு இருக்கிறது, நெருப்பு இருக்கிறது, ஆட்டுக்குட்டி எங்கே அப்பா என்று அந்தப் பையன் கேட்கிற இடத்தில் எப்போதும் நின்றுவிடுவேன். கடைசியில் கடவுள் கையைத் தடுத்து, பையனுக்குப் பதிலாகப் புதரில் சிக்கிய கிடாயைக் காட்டுவார். நான் நிறுத்தியதும் சோபியா உள்ளே வந்தாள்.

"அம்மா, பெரியம்மா குட்டிய வெட்டுறேன்னு வேண்டவே இல்லியே" என்றாள்.

"ஒனக்கு எப்படித் தெரியும்? நீதான் நெனவில்லாம கெடந்தியே."

"கண்ண மூடிகினு படுத்துகினு இருந்தேன். காது கேட்டுகினுதான் இருந்துது. 'முனியப்பா, இந்தப் புள்ளைய எழுப்பிக் குடு, உனக்கு ஒரு குட்டி விடறேன்'னாங்க. புறா பறக்கவுடுற மாதிரி குட்டிய எங்கியோ வுடப்போறாங்கன்னு நெனச்சிகினே தூங்கிட்டேன். நல்லா இருந்துது அது."

அக்கா, நீங்கள் அந்தச் சொல்லைத்தான் சொன்னீர்களா? விடுகிறேன் என்றீர்களா, வெட்டுகிறேன் என்றீர்களா? நன்றாக நினைத்துப் பார்த்து எழுதுங்கள். நான் வாசகம் வாசிக்கிறவள். ஒரு சொல் மாறினாலும் எனக்கு அது வேறு வாசகம்தான்.

செசிலியா

மேச்சேரி
7 ஏப்ரல் 2025

அன்புள்ள செசிலியாவுக்கு,

அந்தப் பிள்ளை பொய் சொல்லாது. விடறேன் என்றுதான் சொன்னேன். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். சாமிக்கு விட்டது என்றால் வெட்டப்போவது என்று நாங்களே அர்த்தம் செய்துகொள்வோம். சொல்லைத் திருப்பிப் போட்டு இதுவரை யாரும் பார்த்ததில்லை. உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். குட்டி பக்கத்தில் நின்று கடித உறையை மென்றுகொண்டிருந்தது.

நேராகப் பூசாரியிடம் போனேன். அவர் தாடையைச் சொறிந்துகொண்டார். "விடறதுன்னா வெட்டறதுக்குத்தானுங்க விடறது. ஆனா வாய் என்ன சொல்லுச்சோ அதத்தான சாமி கேட்டிருக்கும்? நீங்க மனசுல நெனச்சதயா கேட்டிருக்கும்?" என்றார். பிறகு, "எனக்குத் தெரியாதுங்க. அன்னிக்கு உத்தரவு கேட்டுப்போடலாம்" என்று முடித்துவிட்டார்.

உத்தரவு என்றால் இதுதான். குட்டியைச் சாமி முன்னால் நிறுத்தி, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, முதுகில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். குட்டி உடம்பைச் சிலுப்பினால் சாமி சரி என்று சொன்னதாக அர்த்தம்.

இதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. என் வீட்டுக்காரரின் பெரியப்பா மகன்தான் எங்கள் பங்காளிகளில் மூத்தவர். கறிச்சோறு இல்லாத பூசையை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. "மொதல்ல வழக்கப்படி வெட்டக் கேளுங்க. இல்லீன்னா அப்புறம் விடறதப் பத்திப் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டார். அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. எந்தக் குட்டிதான் தண்ணீர் பட்டால் சிலுப்பாது? முதலில் எதைக் கேட்கிறார்களோ அதுதான் உத்தரவாகும். வெட்டத்தான் உத்தரவு வரும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் சபையில் நின்று, விடுவதாகத்தான் வேண்டினேன் என்று சொல்லத்தான் போகிறேன்.

சோபியா வர வேண்டாம். அது உங்கள் பெரிய நாள், எனக்குப் புரிகிறது. அவள் கையால் கட்டிய மாலை ஒன்று மட்டும் அனுப்ப முடியுமா? எந்த மாலையானாலும் சரி. உனக்கு மனசு இல்லாவிட்டால் வேண்டாம்.

சந்திரா

நெய்வேலி
15 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். ஸ்பீட் போஸ்ட் கவுண்டர் மூடுவதற்குள் போக வேண்டும்.

பூமாலை அனுப்பினால் வழியில் அழுகிவிடும். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் குருத்து ஞாயிறு. ஆளுக்கொரு தென்னங்குருத்தைப் பிடித்துக்கொண்டு பவனி வந்தோம். அந்த ஓலையில்தான் சோபியா இந்த மாலையைப் பின்னியிருக்கிறாள். கூட ஒரு சின்னச் சிலுவையும் பின்னலுக்குள் இருக்கிறது. உங்கள் ஆட்கள் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். குட்டியின் கழுத்து அளவு தெரியாமல் மாலையை நீளமாகப் பின்னிவிட்டாள். ஈரத்துணியில் சுற்றியிருக்கிறேன். ஃபாதர் மந்திரித்த ஓலை அக்கா, கீழே போடக் கூடாது. இதைக் கொடுக்கலாமா என்று ஃபாதரிடம் கேட்கவில்லை. கேட்டால் யோசிப்பார்.

எந்த உத்தரவு வந்தாலும் உங்களோடு இனிச் சண்டை போட மாட்டேன். இதை நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன். வெட்ட நேர்ந்தால் நீங்கள் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொள்ளுங்கள். அந்த நேரம் நான் கோயிலில் இருப்பேன். உங்களுக்காகவும் வேண்டிக்கொள்கிறேன். உங்களைக் கேட்காமல்தான்.

செசிலியா

மேச்சேரி
19 ஏப்ரல் 2025

அன்புள்ள செசிலியாவுக்கு,

ஆற அமர எழுத வேண்டும் என்று காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மாலை நல்லபடியாக வந்து சேர்ந்தது. கோயிலில் ஒருவருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. பந்தல் முழுக்கக் குருத்தோலைத் தோரணம்தானே கட்டியிருந்தார்கள். என் கையாலேயே குட்டிக்குப் போட்டேன். நீ சொன்னது போல நீளம்தான், முழங்கால் வரை தொங்கியது. பூசாரி சிலுவையைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். செம்பை எடுக்கப் போய்விட்டார்.

சபையில் நான் எழுந்து நின்றேன். "நான் வெட்டறேன்னு வேண்டலீங்க. விடறேன்னுதான் வேண்டுனேன். சோபியா காதால கேட்டிருக்கா" என்றேன். மூத்த பங்காளி, "வழக்கம் வழக்கந்தான். மொதல்ல வெட்டக் கேளுங்க" என்றார். என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

பூசாரி, "முனியப்பா, வெட்டறதுக்கு உத்தரவு குடு" என்று கேட்டுச் செம்பிலிருந்து தண்ணீரைத் தெளித்தார். நீ சொன்னபடி திரும்பிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை, பார்த்துக்கொண்டே நின்றேன்.

குட்டி சிலுப்பவில்லை. ஏன் தெரியுமா? மாலையின் நுனி அதன் வாய்க்கு எட்டிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு, சோபியா பின்னிய குருத்தோலையைக் கருமமே கண்ணாக மென்றுகொண்டிருந்தது. முதுகில் தண்ணீர் வழிகிறது, அதற்குக் கவலையே இல்லை. மறுபடி தெளித்தார். மெல்லுகிறது. மூத்த பங்காளி, "நல்லா ஊத்துங்க" என்றார். செம்பையே கவிழ்த்தார்கள். மெல்லுகிறது! பெண்கள் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். மூன்று தடவை கேட்டாயிற்று, இனிக் கேட்கக் கூடாது என்று பூசாரி சொல்லிவிட்டார்.

கடைசி இணுக்கையும் அது விழுங்கிய பிறகு செம்பை என்னிடம் கொடுத்தார். "சோபியா பேருல உனக்கு விடறேன் சாமி" என்று தெளித்தேன். அதற்குள் குளிர் ஏறியிருக்கும் போல. காதிலிருந்து வால் வரைக்கும் ஒரு சிலுப்பு சிலுப்பியது பார், முன்வரிசையில் இருந்த அத்தனை பேரும் நனைந்தோம். மூத்த பங்காளிக்கு வேட்டி முழுக்க மஞ்சள். அவரே சிரித்துவிட்டார். எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல்தான்.

காதில் சூலக்குறி போட்டுக் கோயில் கரட்டு மேட்டில் விட்டுவிட்டு வந்தோம். இனி யாரும் அதைக் கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது. சாமி சொத்து. வீட்டுக்கு வந்து திரும்பிப் பார்க்கிறேன், பின்னாலேயே வந்து வாசலில் நிற்கிறது. நான் விட்டுவிட்டேன், அது விடமாட்டேன் என்கிறது. ஊரில் அதற்கு அதற்குள் 'நெய்வேலிக்காரன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மந்திரித்த ஓலையைக் கீழே போடக் கூடாது என்று எழுதியிருந்தாய். ஒரு துணுக்குகூடக் கீழே விழவில்லை. அது குற்றமாகுமா?

சந்திரா

நெய்வேலி
27 ஏப்ரல் 2025

அன்புள்ள, அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். முதல் கடிதத்தில் விட்டதற்கும் சேர்த்து.

குற்றமாகுமா என்று ஃபாதரிடமே கேட்டுவிட்டேன். முழுக்கதையையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "ஆட்டுக்குட்டி சாப்பிட்டா அது குத்தம் இல்லம்மா" என்றார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை.

பெரிய வெள்ளியன்று வழிபாடு முழுவதும் எனக்கு உங்கள் குட்டி ஞாபகம்தான். இந்நேரம் வெட்டியிருப்பார்கள் என்றே நினைத்துக்கொண்டு சிலுவையை முத்தமிட்டேன். அழுதேன். மறுநாள் வாசகம் வாசிக்கும்போதும் புதரில் சிக்கிய கிடாய் வரும் இடத்தில் குரல் உடைந்துவிட்டது. அப்போது உங்கள் கடிதம் எனக்கு வந்திருக்கவில்லை. உங்கள் வாசலில் அது நின்றுகொண்டிருக்கிறது என்று தெரியாமலே அழுதிருக்கிறேன்.

கடிதம் வந்த அன்று சோபியா கூடத்தில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தாள். செம்பைக் கவிழ்த்த இடத்தில் இவர் எழுந்து நின்றுவிட்டார். படித்து முடித்ததும், "எனக்காக ஒரு குட்டி செத்துதும்மா, சரி. இன்னொண்ணு எனக்காக சுத்திகினு இருக்குதே, அதப் போய்ப் பாக்க வேணாமா?" என்று கேட்டாள். மே மாத லீவில் வருகிறோம். மூன்று பேரும்.

நன்றி யாருக்கு என்று நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் என் பிள்ளை கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார் என்பதை மறந்துவிட்டேன். என் சாமிக்கு நான் சொல்ல வேண்டியதைத் தினமும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு இதுவரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நன்றி அக்கா. உங்கள் முனியப்பனிடமும், செசிலியா சொன்னாள் என்று சொல்லுங்கள். அவர் வாங்கிக்கொள்வார் என்றால்.

கூடத்துப் படத்திலிருக்கும் வெள்ளைக் குட்டியைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. நெற்றியைத் தவிர மற்றதெல்லாம் செங்கல் நிறத்தில் தெரிகிறது.

உமாராணி வேலி வழியாகப் பலாச்சுளை கொடுத்தாள். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது உங்கள் ஞாபகத்தில், "அக்கா, இந்தாங்க" என்றேன். அவள் என்னைவிடப் பத்து வயது சின்னவள். முழித்தாள்.

இனிக் கடிதம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வீட்டில்தான் இருப்பேன். கூப்பிடுங்கள், எடுக்கிறேன். நெய்வேலிக்காரனையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அவன் குரலையும் கேட்க வேண்டும்.

உங்கள்
செசிலியா